பெயர் விற்றவரின் பெயர்

தங்கையின் படிப்புச் செலவுக்காகத் தம் இணைய முகவரிப் பெயரொன்றை விற்க முனைந்த யாழ்ப்பாணத்து இளைஞர், முதலில் தம் பெயரையே நிறுவவேண்டியவரானார். இச்சோதனை காரணமின்றி எழுந்ததன்று. 1995இல் அமெரிக்காவில் போலிக் கடிதமொன்றினாலேயே பெறுமதிமிக்க இணையப் பெயரொன்று கவரப்பட்டது. பதிவு நிறுவனம் உரியவரை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அத்தகைய பெயரும் சொத்தே என்று அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இலேயே தீர்ப்பளித்தது.

ஆயினும் படிவம் வினவியது குடும்பப் பெயரை. ஈழத்துத் தமிழர் பலருக்கு அது ஏது? கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாய் நின்றது. வங்கிக் கணக்கிலோ ஓரெழுத்தாய்ச் சுருங்கியிருந்தது. இரண்டும் ஒருவரையே குறிப்பன என்பதை இயந்திரத்துக்கு எவர் விளக்குவது? கடவுச்சீட்டைக் கையிலேந்தி மும்முறை முகங்காட்டினார். "பொருந்தவில்லை" என்ற ஒரே விடை வந்தது. கள்வனாயின் ஒத்த ஆவணங்களையே ஆக்கியிருப்பான். நான்காம் முறை ஏற்கப்பட்டபோது, வாங்க வந்தவர் வேறு பெயரை நாடிச் சென்றுவிட்டார்.