நுவரெலியாவின் தை இரவு

நுவரெலியாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் அதன் பகற்பொழுதையே கண்டு மீள்வர். நானுஓயா நிலையத்தில் இறங்கி, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்தேறும் வீதியிற் சென்று, வாவியையும் பூங்காவையும் பார்த்து, "என்ன இதமான குளிர்!" என வியந்து திரும்புவர். ஆயின், கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் உயர்ந்த அவ்வூரின் உண்மைக் குளிரை அறிய வேண்டின், தை மாதத்து இரவொன்றை அங்கே கழித்தல் வேண்டும். வானம் தெளிந்த இரவுகளிற் பள்ளங்களிலே உறைபனி படியும். விடியலிற் புல் வெளுத்திருக்கும். தேயிலைக் கொழுந்தும் கருகும்.

நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே அத்தகைய இரவொன்றில் நாம் விருந்தினராய்த் தங்கினோம். பின்முற்றத்திலே, செங்கற்களின் மேல் மரப்பெட்டியொன்று இருந்தது. அதனுள் இருபது கோழிக்குஞ்சுகள்; பொரித்து நான்கு நாட்களே ஆனவை. விலைக்கு வாங்கியவையாதலின் தாய்க்கோழி இல்லை. அவை வளர்ந்து இடும் முட்டைகளை விற்றே பேத்தியின் படிப்புச் செலவை ஈடுசெய்ய அவ்வீட்டு மூதாட்டியார் எண்ணியிருந்தார்.

குஞ்சின் மென்தூவி குளிரைத் தாங்காது. இறகு முளைக்கும் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்தாறு வாரங்கள், அதற்குப் பிறர் தரும் வெப்பம் வேண்டும். முதல் வாரத்தில் 35 பாகை செல்சியஸ் அளவு தேவை. பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம்.

பெட்டியின் ஒரு பக்கத்திலே, துளையிட்ட தகரக் கூட்டினுள் அரிக்கன் லாம்பு எரிந்தது, சுற்றிலும் கம்பிவலை. மறுபக்கம் சற்றுக் குளிர்ந்திருந்தது, வெப்பம் மிகுந்தாற் குஞ்சுகள் விலகிச் செல்வதற்காக. தரையில் மரச்சீவல் தடிப்பாகப் பரப்பியிருந்தது. மூலைகளில் ஒன்றன்மேலொன்று ஏறி நெரிபடாதிருக்க, மட்டைகளை வளைத்து உட்புறத்தை வட்டமாக்கியிருந்தனர். லாம்பிற் படாதவாறு மேலே சாக்கு மூடியிருந்தது. காற்றடியாத பக்கத்திலே மட்டும் ஒரு சாண் இடைவெளி.

சிலர் கரித்தணற் சட்டியை உள்ளே வைத்துப் பெட்டியை இறுக மூடுவர். அது பெருந்தீங்கு. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயு, நிறமும் மணமுமின்றிக் குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

"வெப்பமானி இல்லாமல் எவ்வாறு அளவறிகிறீர்கள், அம்மா?" என வினவினோம்.

"குஞ்சே சொல்லுமுங்க ஐயா. ஓயாம கத்திக்கிட்டு வெளக்குப் பக்கம் குமிஞ்சா குளிரு. வாயைத் தொறந்துக்கிட்டு ஓரமா ஒதுங்கினா சூடு. பரவலாப் படுத்துத் தூங்குச்சுன்னா நாமளும் தூங்கலாம்."

இரவு இரண்டு மணியளவில் அக்குஞ்சுகளின் கூக்குரல் நம்மையும் எழுப்பியது. காற்றுத் திசைமாறி, சாக்கின் திறந்த பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வலையோரம் குவியலாய்க் கிடந்தன. அடியிற் கிடந்தவை மூச்சுத்திணறின. மூதாட்டியார் அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துப் பிரித்து விட்டார்; திரியைச் சிறிது உயர்த்தினார்; சாக்கைத் திருப்பிப் போட்டார். கூக்குரல் மெல்ல மெல்ல முணுமுணுப்பாகி அடங்கியது. அதன் பின்னரே அவர் உள்ளே சென்றார். விடியலில் எண்ணியபோது இருபதும் இருந்தன.

மலைநாட்டின் எழில் யாவர்க்கும் பொது. அதன் குளிரோ, போர்வையுள்ளோர்க்கு இன்பம். இறகு முளையாத உயிர்க்கு எமன். இரண்டுக்கும் இடையே, கண்விழித்துக் காக்கும் கை ஒன்று வேண்டியிருக்கிறது.