இறுதியாட்டமும் எந்திர அறிவும்

சதுரங்கப் பலகையிற் காய்கள் குறையக் குறையச் சிக்கலும் குறையும் என எண்ணுதல் இயல்பே. கணனியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் நெடுங்காலம் பொய்த்தே வந்தது. நடுவாட்டத்தில் நல்ல ஆட்டக்காரரையும் திணறடித்த செய்நிரல்கள், நான்கைந்து காய்களே எஞ்சிய இறுதியாட்டத்தில் தடுமாறின.

கணனி நகர்வுகளையும் மறுநகர்வுகளையும் ஓர் எல்லை வரையே எண்ணிச் செல்லும். அவ்வெல்லையில் நின்று காய்களின் பெறுமதியைக் கூட்டி மதிப்பிடும். அதற்கப்பால் நிகழ்வது அதற்குப் புலப்படாது. நடுவாட்டத்தில் வெட்டும் எதிர்வெட்டும் சில நகர்வுகளில் முடிந்துவிடும். இறுதியாட்டத்திலோ ஒரு காலாளை அரசியாக உயர்த்தும் திட்டம் இருபது, முப்பது நகர்வுகள் நீளலாம்.

பெறுமதிக் கணக்கும் ஏமாற்றும். மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரியும் ஓரக் காலாளும் உடையவன், தனியரசனை எளிதில் வெல்வான் என்றே கணக்குக் கூறும். ஆயின், காலாள் உயரவேண்டிய மூலை வெள்ளைக் கட்டமாகவும் மந்திரி கறுப்புக் கட்டங்களிற் செல்வதாகவும் இருந்து, எதிரரசன் அம்மூலையை அடைந்துவிட்டால், அவனை அங்கிருந்து அகற்ற இயலாது, ஆட்டம் சமநிலையே. மாணவன் ஒரு நொடியிற் காணும் இவ்வரணைப் பழைய செய்நிரல்கள் காணவில்லை. மனிதரை வெகுவாக விஞ்சிவிட்ட இன்றைய செய்நிரல்களும் சில அரண்களின் முன் இல்லாத வெற்றியை உண்டென மதிப்பதுண்டு.

இக்குறைக்குப் பரிகாரமாக, முடிவிலிருந்து பின்னோக்கிக் கணித்து ஒவ்வொரு நிலைக்கும் விடை எழுதும் அட்டவணைகள் தோன்றின. இரு மந்திரிகள் ஒரு குதிரையைப் பொதுவாக வெல்லும் என்பதையும், அதற்கு 66 நகர்வுகள் வரை தேவைப்படலாம் என்பதையும் 1983 இல் கென் தொம்சன் இவ்வழியிற் காட்டினார். சமநிலை என்றே அதுவரை பலரும் கருதியிருந்த நிலைகள் அவை. 2012 இல் மொஸ்கோ பல்கலைக்கழகத்தின் மீக்கணனி ஏழு காய்கள் வரை கணித்தபோது, 500 க்கு மேற்பட்ட நகர்வுகள் வேண்டும் வெற்றிகளும் வெளிப்பட்டன. அந்நகர்வுகளின் நோக்கத்தை வல்லுநராலும் விளக்க முடிவதில்லை. அட்டவணை விடையைத் தருமேயன்றிக் காரணத்தைத் தராது.

2024 டிசெம்பர் 12 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டத்தில், ஒரு காலாள் குறைந்திருந்தும் டிங் லிரெனின் நிலையைச் சமநிலை என்றே செய்நிரல்கள் மதிப்பிட்டன. ஐம்பத்தைந்தாவது நகர்வில் அவர் தவறினார். பதினெட்டே வயதான சென்னை இளைஞர் குகேஷ் பட்டம் பெற்றார். அச்சமநிலையைக் காப்பது மனிதனுக்கு எத்துணை அரிது என்பதை அம்மதிப்பீடு கூறவில்லை.

யாழ்ப்பாணத்துக் கல்வியுலகிற்கு இது புதிதன்று. கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை மனனஞ் செய்த மாணவன், வினா சற்றே திரும்பியதும் திகைத்து நிற்பதை ஆசிரியர் அறிவர். அட்டவணையுள் அடங்கும் நிலைகளுக்கு அட்டவணை போதும். அடங்காதவற்றுக்குக் காரணம் அறிதல் வேண்டும். விடைகளை எந்திரம் சேமித்துத் தரும் இக்காலத்தில், காரணத்தைத் தேடப் பழக்குவதே பல்கலைக்கழகத்தின் தலையாய பணியாகும்.