மீசை முளைத்த வெள்ளீயம்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அதைவிடச் சிறிய இழை ஒன்று ஒரு ரேடியோவின் வாயையே அடைத்துவிடும் என்பதைச் சென்ற விடுமுறையில்தான் அக்கா தங்கையரான நாங்கள் அறிந்துகொண்டோம்.

ஆய்க்குடியில் எங்கள் தாத்தா வீட்டில் 1960-களில் வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று உண்டு. மறைந்த எங்கள் ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டேதான் சமைப்பார்களாம். பல ஆண்டுகளாக அது ஊமையாகக் கிடந்தது. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று அப்பா அதை எடுத்தபோது தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எங்களுக்கு மனம் கேட்கவில்லை. தென்காசியில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம் தூக்கிச் சென்றோம்.

அவர் நான்கு கால்கள் கொண்ட சிறு உலோகக் குப்பி ஒன்றைக் காட்டினார். ஏ.எஃப்.117 என்னும் டிரான்சிஸ்டராம். "இதுக்குள்ளே மீசை முளைச்சிருக்கும்மா!" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

குப்பியின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். ஆச்சி ரசம் வைத்த ஈயச்செம்பும் இதே வெள்ளீயந்தான். பூச்சுக்குள் அடைபட்ட அழுத்தத்தினால், மண்ணும் நீருமின்றி, தலைமுடியைவிட மெல்லிய இழைகள் ஆண்டுக்கணக்கில் வளருகின்றன. ஓர் இழை உள்ளிருக்கும் கம்பியைத் தொட்டால் போதும், மின்சாரம் வழிதவறிவிடும். அண்ணாச்சி குப்பியோடு இணைந்த ஒரு காலை மட்டும் கத்தரித்தார். ரேடியோ கரகரத்தது, பிறகு பேசியது!

பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். 1998 மே மாதம் 'கேலக்சி 4' என்ற செயற்கைக்கோள் செயலிழந்து, அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஓய்ந்தன. அதற்கும் இம்மீசையே காரணம் எனக் கண்டார்களாம். சிறிது காரீயம் கலந்தால் மீசை பெரும்பாலும் அடங்கும். ஆனால் காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. ஆகவே 2006-இல் ஐரோப்பிய நாடுகள் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தின. மீசைக் கவலை மீண்டும் வந்தது. வெள்ளீயத்துக்கு அடியில் நிக்கல் பூசி அதைத் தடுக்க முயல்கிறார்கள்.

குப்பைமேட்டில் பழைய கருவிகளை உடைக்கும் சிறுவர்களை எண்ணினால், நஞ்சைவிட இந்தக் கவலையே மேல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அன்று மாலை தாத்தாவும் அப்பாவும் திண்ணையில் அமர்ந்து செய்தி கேட்டார்கள். இருவரும் அப்படிச் சேர்ந்து அமர்ந்து நெடுநாளாயிற்று. மனங்களுக்கிடையிலும் கண்ணுக்குத் தெரியாத மீசைகள் முளைக்கின்றன போலும். தோழியரே, ஊமையாகிவிட்டது என்று எதையும் எறிந்துவிடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்போம்!