பிடி அரிசியும் பதில் வராத ஜெபமும்

நம் பள்ளிக்கூடத்தில் படித்த இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். கஷ்டம் எல்லா வீட்டுக்கும் பொதுதானே, அதனால் நீங்களும் வாசிக்கலாம்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் அம்மாவுக்குப் புற்றுநோய். பேச்சோடு பேச்சாக, "டீச்சர், சாருக்கு அப்படி ஆனப்புறமும் நீங்க எப்படி கோயிலுக்குப் போறீங்க?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற காரியமா அது? எழுதுகிறேன் மக்களே என்று சொல்லியிருந்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

உங்களில் பலருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். சுகர் இருந்து சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. 2016 ஜூன் மாதம் டயாலிசிஸ் தொடங்கினோம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். 2021 ஆகஸ்டில் அவர் கர்த்தருக்குள் போகும்வரை இதுதான் எங்கள் கால அட்டவணை. கணக்கு டீச்சர் இல்லையா, போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 800 முறை. மாற்று சிறுநீரகம் வைக்கலாமா என்று கேட்டதற்கு, இருதயம் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

டயாலிசிஸ் வீடுகளில் பெரிய சோதனை ஊசி இல்லை, தண்ணீர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்க வேண்டும். பொட்டாசியம் கூடும் என்று இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரிடம் நேந்திரம் பழம் தொடக்கூடாது என்றால் எப்படி இருக்கும்? வீட்டுக்குப் பின்னால் தென்னை நின்றது. அவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை மூன்று மணி நேரம் வைத்துக் குடிப்பார்.

ஜெபித்தோமா? ஜெபிக்காத ஆள் இல்லை. சபை ஐயர் வந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறை வைத்து வந்தார்கள். உபவாச ஜெபம் வைத்தோம். சுகம் வரவில்லை. வீட்டுக்கு வந்த ஒருவர், "விசுவாசம் குறைவா இருக்கு, அதான்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இன்னொருவர் மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று யோசிக்கச் சொன்னார். உள்ளே படுத்திருந்தவருக்கும் அது கேட்டது.

அன்றைக்கு இரவு யோபுவின் புத்தகத்தை எடுத்தேன். யோபுவுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டு மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வினை. கடைசியில் கடவுள் கோபிப்பது அந்தக் காரணம் சொன்ன மூன்று பேர் மேல். கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுவிடம் அவர் நேராகப் பேசுகிறார். ஆனால் உனக்கு ஏன் இப்படி வந்தது என்று யோபுவிடமும் அவர் சொல்லவே இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்த கதைதான். அன்றுதான் அது எனக்கு மருந்தாக இருந்தது.

2020 கொரோனா ஊரடங்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோயில் பூட்டியிருந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 12-ல் வந்த ஈஸ்டரை வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். டயாலிசிஸுக்கு ஊரடங்கு கிடையாதே. பஸ் இல்லை. பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் அடி வாங்கிய ஒரு பையன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், தினமும் ஐந்து வேளை தொழுகிறவன், வாரம் மூன்று நாள் வாசலில் வந்து நின்றான். போலீஸ் மறிக்கிற இடத்தில் எல்லாம் அவனே இறங்கி ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிப் பேசுவான். டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்கள் ஜெபத்துக்குப் பதில் எதுவுமே வரவில்லை என்று நான் சொன்னால் அது பொய் சாட்சி ஆகிவிடும்.

2021 புத்தாண்டுக்குக் கோயிலிலிருந்து வாக்குத்தத்த அட்டை வந்தது. அவருக்கு வந்தது நீடித்த ஆயுளைப் பற்றிய வசனம். வாசித்துவிட்டு, "எவ்வளவு நீளம்னு அளவு போடலியே டீச்சர்" என்று சிரித்தார். எட்டாம் மாதம் போய்விட்டார். அந்த அட்டைக்குப் பல பேர் பல விளக்கம் சொன்னார்கள். பரலோக ஆயுள் என்றார் ஒருவர். இருக்கலாம். நான் அதை என் வேதாகமத்தில் 88-ம் சங்கீதத்தில் வைத்திருக்கிறேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் ஒரு நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது. இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதுவும் ஜெபம்தான் என்று ஒத்துக்கொண்டுதானே சேர்த்திருப்பார்கள்!

அவர் போன பிறகு நான்கு மாதம் எனக்குச் சொந்த வார்த்தையில் ஜெபம் வரவில்லை. பரமண்டல ஜெபம் மட்டும் சொல்வேன். கோயிலில் பாமாலை பாடும்போது எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. பக்கத்தில் நிற்கிற அக்கா ஒன்றும் கேட்காமல் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு பாடுவார்கள். நான் பாடாத நாளில் சபை எனக்காகவும் சேர்த்துப் பாடியது. தனியாக வீட்டில் உட்கார்ந்து விசுவாசத்தைக் காப்பாற்றியிருப்பேனா என்று கேட்டால், முடிந்திருக்காது.

கையில் மிச்சம் இருந்தது ஒரு வேலை மட்டும்தான், பிடி அரிசி. நம் பக்கத்துச் சபைகளில் தெரியும்தானே, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து டப்பாவில் போட்டு வைத்து, பிறகு கோயிலுக்குக் கொடுப்போம். என் ஆச்சி காலத்திலிருந்து உள்ள பழக்கம். மனம் வெறுத்துப்போன நாளிலும் அரிசி எடுக்கும்போது கை தானாக ஒரு பிடியை அந்த டப்பாவுக்கு எடுத்துப் போட்டது. நம்பிக்கை மனதில் இல்லாத நாளில் கையில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வரலாற்றிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. மயிலாடியில் 1806-ல் வந்து ஊழியம் தொடங்கிய ரிங்கல்தௌபே ஐயர், உடல் நலம் கெட்டு 1816-ல் கிளம்பிப் போனார். அவர் என்ன ஆனார், எங்கே இறந்தார் என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மேய்ப்பன் இல்லாத அந்தச் சின்ன சபையை, மீட் ஐயர் வரும்வரை உள்ளூர்க்காரரான வேதமாணிக்கம் பார்த்துக்கொண்டார். அடுத்து ஆள் வருமா, வராதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே செய்தார். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பாருங்கள். 1931-ல் விழுந்து அடிபட்டார். பழைய உடல்நலம் திரும்பவே இல்லை. 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான். அங்கே இருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று மட்டும் எழுதினார்கள்.

இன்றைக்கும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிடவில்லை. கடவுளுக்கு அவர் தேவைப்பட்டார், அதனால் எடுத்துக்கொண்டார் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் தேவைப்படவில்லையா? உயிர்த்தெழுதலை நம்புகிறேன். அவரை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன். சில காலையில் அது பாறை மாதிரி இருக்கும், சில காலையில் நூல் மாதிரி இருக்கும். பரீட்சையில் ஒரு கணக்கு வரவில்லை என்றால் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், அடுத்த கணக்கைப் போடுங்கள் என்று உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடவுளிடம் கோபப்படலாம். தாவீது பட்டார், எரேமியா பட்டார். கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். ஏதாவது ஒரு சின்னப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள், ஒரு பிடி அரிசி அளவு போதும். பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. காரணம் கொண்டுபோகாதீர்கள், கஞ்சி கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் மாறி உட்காருங்கள், துணைக்கு இருக்கிறவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டும்.

ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் எனக்குப் பெயரை மட்டும் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். எந்த மதமானாலும் சரி. காலை ஐந்து மணிக்கு எழும்புகிறவள் நான். பழைய வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 37 பெயர் இருக்கிறது, இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்