பேயை விட பாலம் பயங்கரம்

போன மாசம் பெரம்பலூர் ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரை பயமுறுத்தப் பார்த்தேன். அந்தக் கதை இது.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் கதை சொல்வார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அதுக்குள்ள இருந்து முடிவெடுக்கணும். 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பகடை உருட்டி பூதத்தை வெட்டலாம். 1981-ல் வந்த கால் ஆஃப் கதுலுவில் பூதத்தைப் பார்த்தாலே புத்தி பேதலிக்கும், எவ்வளவு மிச்சம்னு மார்க் வேற! நாங்க ஆடினது 2005-ல் வந்த டிரெட். பகடையே கிடையாது, ஜெங்கா கட்டைக் கோபுரம்தான். ஆபத்தான காரியம் செய்யணுமா, ஒரு கட்டையை உருவணும். கோபுரம் சரிஞ்சா உங்க ஆள் காலி.

முதல் ஆட்டத்துல வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் எல்லாம் இறக்கிப் பார்த்தேன். பயபுள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. (டிவி சீரியல் பார்த்து வளர்ந்த கூட்டம், வேற என்ன செய்யும்?)

அடுத்த வாரம் பேயே வேண்டாம்னு 1956 நவம்பர் 23-ஐ எடுத்தேன். அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி, அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கிட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்துல விழுந்துச்சு. நூறு பேருக்கு மேல சாவு. ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினது இதுக்கு அப்புறம்தான். லைட்டை அணைச்சுட்டு மழை, பெட்டிக்குள்ள தூங்கற குழந்தை, கீழே தண்ணிச் சத்தம்... அவ்வளவுதான் சொன்னேன். கட்டை உருவுற கையெல்லாம் நடுங்குச்சு. எனக்கு ஒரே பெருமை.

அப்ப அரியலூர்ப் பக்கத்து நண்பன் ஒருத்தன் கட்டையைக் கீழே வெச்சுட்டான்.

"எங்க அப்பாயியோட அண்ணன் அந்த ரயில்லதான் போனாரு மச்சி. உடம்பு கூட கிடைக்கல."

லைட்டைப் போட்டோம். யாரும் எதுவும் பேசல.

இருட்டுல நான் பாதிதான் சொல்றேன். மீதியை அவங்கவங்க தன்கிட்ட இருக்கறதை எடுத்துப் போட்டுக்கறாங்க. பயம் வர்ற வழியே அதுதான். யார்கிட்ட என்ன இருக்குன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம். கேட்கல. இதுக்குன்னே எக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. பெருக்கல் குறி போட்ட அட்டை மேசை நடுவுல கிடக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சி அதோட நிக்கணும், காரணம் கேட்கக் கூடாது. படிச்சிருந்தும் சின்னப்புள்ளத்தனம்னு ஒதுக்கி வெச்சவன் நான்.

பத்து நாள் கழிச்சு அவனே வந்தான். "அந்த ரயில் கதையை முடிக்கலாம்டா. ஆனா நான்தான் சொல்வேன்."

அட்டையை மேசையில வெச்சோம். அவன் ரயிலை அரியலூர் ஸ்டேஷன்லயே நிறுத்திட்டான். மேல போக வேண்டாம்னு டிரைவரை சம்மதிக்க வைக்க எங்களுக்குப் பதினோரு கட்டை ஆச்சு. கோபுரம் ஆடிக்கிட்டே நின்னுச்சு. விழல.