செம்பவாங் வெந்நீர் ஊற்றில் ஒரு மாலை

அரபு மொழியில் 'ஹமீம்' என்று ஒரு சொல் உண்டு. கொதிநீர் என்பது அதன் பொருள். உற்ற உறவினன், உள்ளம் கலந்த தோழன் என்பதும் அதன் பொருளே. திருக்குர்ஆனில் இவ்விரு பொருளிலும் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. குளிப்பிடத்தைக் குறிக்கும் 'ஹம்மாம்', காய்ச்சலைக் குறிக்கும் 'ஹும்மா', வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் 'ஹம்மா' ஆகிய அனைத்தும் சூடு என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. முப்பதாண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் இந்தச் சொற்களை நாம் பாடம் சொல்லி வருகிறோம். ஆயினும் கொதிநீரையும் உறவையும் ஒரு சேர நிறுத்தி நம்மை வெட்கப்பட வைத்தது 2024 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூரில் கழிந்த ஒரு மாலைப்பொழுதே.

சட்ட நூல்களில் முதற்பாடம் தண்ணீர் பற்றியது என்பதை ஓதிய அன்பர்கள் அறிவார்கள். தான் தங்கும் இடத்திலோ ஓடிவரும் வழியிலோ உள்ள கந்தகம் முதலியவற்றால் நிறமும் மணமும் சுவையும் மாறிய நீர், தன் தூய்மையை இழப்பதில்லை. அதைக் கொண்டு ஒளூச் செய்யலாம். ஆனால் அளவுக்கு மீறிய சூடோ குளிரோ உள்ள நீரால் ஒளூச் செய்வது மக்ரூஹ் என்று ஷாஃபிஈ இமாம்கள் கூறுகின்றனர். அத்தகைய நீர், உறுப்புகளை நிறைவாகக் கழுவ விடாது. உடலுக்கு ஊறும் விளைக்கலாம். ஒருமுறை இந்த இடத்தை ஓதும்போது ஒரு சிறுவன் எழுந்து, "உஸ்தாத், பூமிக்குள்ளிருந்து கொதிநீர் வருமா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். "கிதாபில் இருக்கிறது, மேலே வாசி" என்று அவனை அமர்த்திவிட்டோம். விடை தெரியாத ஆசிரியர்கள் காலங்காலமாகக் கையாளும் முறை அது.

நம் மூத்த சகோதரர் 1972 ஆம் ஆண்டில் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றவர்கள். அப்போது அவர்களுக்கு வயது 19. நமக்கு வயது 5. வாப்பா மறைந்த பிறகு குடும்பம் முழுவதையும் அவர்களின் உழைப்பே தாங்கிற்று. முதலில் ஓர் உணவுக்கடையில் கோப்பை கழுவினார்கள். பிறகு ஒரு பணமாற்றுக் கடையில் கணக்கெழுதினார்கள். நாம் மதரஸாவில் ஓதிய ஏழாண்டும் மாதந்தவறாமல் அவர்களிடமிருந்து பணம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை ஊருக்கு வந்து ஒரு மாதம் இருப்பார்கள். கூட்டிப் பார்த்தால், விவரம் தெரிந்த நாளிலிருந்து நாம் காக்காவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு ஆண்டுகூடத் தேறாது. கடிதத்தாலும் தொலைபேசியாலும் வளர்ந்த உறவு அது. அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்வோம். நாம் கேட்டால், "எனக்கென்ன குறை, அல்ஹம்துலில்லாஹ்" என்று முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு நீரிழிவு இருபது ஆண்டுகளாக உண்டு என்பது நமக்குத் தெரியும். அந்நோய் எதுவரை சென்றிருந்தது என்பது தெரியாது.

அன்று சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமியா சூலியா பள்ளிவாசலில் அஸர் தொழுதோம். 1826 ஆம் ஆண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர்கள் நிறுவிய பள்ளி அது. தொழுது வெளியே வந்ததும், தீவின் வடபுறத்தில் செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டோம். காக்கா சிரித்துவிட்டார்கள். "ஐம்பத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒருநாளும் போனதில்லை. நீ வந்த பத்தாம் நாளே கேட்கிறாயே!" என்றார்கள். அறிஞரை வெந்நீர் ஊற்றுக்கு உவமித்து, தொலைவில் உள்ளோர் அதைத் தேடி வருவர், அருகில் உள்ளோர் அதைப் பொருட்படுத்தார் என்னும் கருத்தில் ஒரு பழைய மொழி அரபு அகராதிகளில் 'ஹம்மா' என்னும் சொல்லின் கீழ் காணப்படும். அதை அவர்களிடம் சொன்னோம். "அப்படியானால் இன்று ஆலிம்சாவும் ஹம்மாவும் ஒரே இடத்தில்" என்று சொல்லிக்கொண்டே புறப்பட்டார்கள். மதினி மட்டும் வாயிலில் நின்று, "காலைப் பார்த்து நடங்கள்" என்று இருமுறை சொன்னார்கள். வழுக்கி விழக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள் என்றே நாம் எண்ணினோம்.

தோபி காட் நிலையத்தில் வண்டி மாறினோம். நகரும் படியிலிருந்து இறங்கி நடக்கையில் பின்னால் வந்த ஓர் இளைஞர் காக்காவின் தோளைத் தொட்டு, ஒற்றைச் செருப்பை நீட்டினார். இடக்காற் செருப்பு பத்தடிக்குப் பின்னாலேயே கழன்று கிடந்திருக்கிறது. காக்கா வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார்கள். நாம் சிரித்தோம். அவர்களும் சிரித்தார்கள். முதுமையின் மறதி என்று கருதி அத்தோடு அதை மறந்தோம். பின்னர் அந்தச் சிரிப்பை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறோம்.

கான்பெரா நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் ஊற்றுப் பூங்காவை அடைந்தபோது ஐந்தரை மணி இருக்கும். சிங்கப்பூரில் எரிமலை கிடையாது. அப்படியிருக்க, கொதிநீர் எங்கிருந்து வருகிறது? மழைநீர் கருங்கற்பாறையின் பிளவுகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும். அங்கே காய்ந்த நீர், அழுத்தத்தால் வேறொரு பிளவு வழியே மேலேறிவிடுகிறது. செம்பவாங்கில் அது 70 பாகைச் சூட்டோடு வெளிப்படுகிறது. மலாய்க்காரர்கள் வெந்நீரை 'ஆயிர் பானாஸ்' என்பார்கள். ஊற்றைச் சுற்றியிருந்த கிராமத்துக்கும் அதுவே பெயராக வழங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கண்டறியப்பட்டது. பின்னர் ஃபிரேசர் அண்ட் நீவ் என்னும் பானக் கம்பெனியார் இடத்தை வாங்கி, ஊற்றுநீரைப் புட்டியில் அடைத்து விற்றனர். இரண்டாம் உலகப் போரில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர் இங்கே குளியல் தொட்டிகள் அமைத்துக் கொண்டனர். 1980களில் நிலம் விமானப்படைத் தளத்தின் தேவைக்காக அரசின் கைக்குப் போயிற்று. மக்கள் விரும்பிக் கேட்டதன் பேரில் 2002 இல் ஊற்றுக்கு வழி திறந்துவிடப்பட்டது. 2020 ஜனவரியில் இன்றுள்ள பூங்காவாகத் திறக்கப்பட்டது. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை எவரும் கட்டணமின்றிச் செல்லலாம். முழுக்குளியல் இங்கில்லை, உட்கார்ந்து கால் நனைத்துக் கொள்ளலாம். நீர் படிப்படியான தொட்டிகளில் இறங்கி வர வர ஆறி, கீழே 40 பாகை அளவுக்கு வந்துவிடுகிறது. ஒருபுறம் குழாயில் வரும் கொதிநீரில் மக்கள் முட்டை அவித்துக் கொண்டிருந்தனர்.

சீனர், மலாய்க்காரர், தமிழர், வங்காளத் தொழிலாளர் என்று பலரும் முழங்கால் வரை உடையைச் சுருட்டிக்கொண்டு ஒரே திட்டில் அமர்ந்திருந்த காட்சி நமக்கு வேறொரு ஹம்மாவை நினைவூட்டியது. ஹிஜ்ரி 15 இல் பெரும்போர் நிகழ்ந்த அந்த யர்மூக் ஆற்றின் கரையிலும் வெந்நீர்க் குளிப்பிடங்கள் இருந்தன. பழுதுபட்டுக் கிடந்த அவற்றை ஹிஜ்ரி 42 இல், அதாவது கி.பி. 662 இல், முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் சீர்ப்படுத்தினார்கள். அதைக் கூறும் கல்வெட்டு அகழ்வில் கிடைத்திருக்கிறது. கல்வெட்டின் மொழி கிரேக்கம். 'அமீருல் மூமினீன்' என்னும் பட்டமும் கிரேக்க எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு சிலுவை. பணியைக் கண்காணித்தவர் யோவான் என்னும் பெயருடைய உள்ளூர் அலுவலர். நோயுற்றோர் நலம் பெறுவதற்காக இந்தப் பணி செய்யப்பட்டது என்று அதில் கண்டிருக்கிறது. நோயாளிக்கு உதவும் வெந்நீரை எவரும் என் மார்க்கம், உன் மார்க்கம் என்று பங்கு வைக்கவில்லை.

இதையெல்லாம் காக்காவிடம் உற்சாகமாகச் சொல்லிக் கொண்டே நாம் ஒரு வாளியை எடுத்தோம். கீழ்த்தொட்டிகளில் கூட்டம் அதிகம். காக்காவால் தாழ உட்கார்ந்து எழ முடியாது. எனவே குழாயில் கொதிநீர் பிடித்து, அவர்கள் அமர்ந்த இடத்தின் முன்னே வைத்து, "சற்று ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு நாம் முட்டை அவிப்போரை வேடிக்கை பார்க்கப் போனோம். ஒரு சீன மூதாட்டி, முட்டை எத்தனை நிமிடத்தில் வேகும் என்பதைக் கைவிரல்களால் எண்ணிக் காட்டினார். ஐந்து நிமிடம் இருக்கலாம். அதற்கு மேல் இல்லை. திரும்பி வந்தபோது காக்கா இரு கால்களையும் வாளிக்குள் வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தார்கள். "நல்ல சுகமாக இருக்கிறது தம்பி" என்றார்கள்.

நமக்கு மகிழ்ச்சி. நமக்காக உழைத்த கால்களை நம் கையால் தேய்த்துக் கழுவுவோம் என்று குனிந்து வாளிக்குள் கையை விட்டோம். விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாத சூடு! "காலை எடுங்கள் காக்கா!" என்று கத்தினோம். சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்த கால்கள் கணுக்கால் வரை செக்கச் சிவந்திருந்தன. காக்காவின் முகத்தில் வலி இல்லை, கூச்சம் இருந்தது. பிடிபட்ட சிறுவனின் முகம் போலிருந்தது.

அருகிலிருந்த ஒரு மலாய்ப் பெண்மணி, மருத்துவமனையில் பணி செய்பவர் போலும், பதறாமல் எழுந்து வந்து, பனிக்கட்டி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்றார். கழிவறைப் பக்கத்துக் குழாயடியில் காக்காவைத் தாங்கி உட்கார வைத்து, இரண்டு பாதங்களையும் மடியில் ஏந்தி, தண்ணீர் விட்டுக் கொண்டிருந்தோம். அந்த இருபது நிமிடத்தில்தான் காக்கா வாய் திறந்தார்கள். நான்கு ஆண்டுகளாகப் பாதங்களில் உணர்வு இல்லை. கல் குத்தினாலும் தெரிவதில்லை. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. மதினிக்கு மட்டும் தெரியும். ஊரில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். "உங்களுக்கெல்லாம் நான் கொடுக்கிறவனாகவே இருந்துவிட்டேன். எனக்கு இது இல்லை, அது இல்லை என்று எப்படிச் சொல்வேன்?" என்றார்கள்.

நமக்குப் பதில் வரவில்லை. கல்வெட்டில் இருந்ததைக் கண்ட கண்ணுக்குக் கழன்ற செருப்பு தெரியவில்லை. அளவுக்கு மீறிய சூடு ஊறு விளைக்கும் என்னும் சட்டத்தை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்த நாமே கொதிநீரை வாளியில் பிடித்து அவர்கள் காலடியில் வைத்தோம். ஊற்றைக் குறை சொல்வதற்கில்லை. எச்சரிக்கைப் பலகை அங்கே தெளிவாகவே இருந்தது.

மஃரிப் தொழுகையை ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறையில் நிறைவேற்றினோம். அதற்குள் இடக்காலில் கொப்புளம் எழுந்துவிட்டது. மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு, நீண்டநாள் நீரிழிவு பாத நரம்புகளைப் பழுதாக்கிவிடும், அத்தகையோர் வெந்நீரில் கால் வைப்பது பேராபத்து, சிறு புண்ணும் கவனிக்காவிடில் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் என்று விளக்கினார். வீட்டுக்குள்ளும் செருப்பின்றி நடக்கக் கூடாது. குளிக்கும் நீரை முழங்கையால் வேறொருவர் பார்க்க வேண்டும். நாள்தோறும் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். முழங்கை என்றதும் நமக்கு உம்மா நினைவு வந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் உம்மா முழங்கையைத்தான் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார்கள்.

இரவு வீட்டுக்கு வந்து இஷாவுக்கு ஆயத்தமானபோது, "கட்டுப் போட்ட காலுக்கு என்ன சட்டம் ஆலிம்சா?" என்று காக்கா கேட்டார்கள். கட்டில்லாத இடத்தைக் கழுவுவது, கட்டின் மேல் ஈரக்கையால் தடவுவது, அதனோடு தயம்மும் செய்வது எல்லாவற்றையும் விளக்கி, நாமே உடனிருந்து செய்வித்தோம். "மாதாமாதம் அனுப்பிய பணம் வீண் போகவில்லை" என்று சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. நம்மிடம் வந்து, "இனி நீங்களும் கேளுங்கள். என்னிடம் மட்டும் அவர்கள் பொய் சொல்லிவிடுவார்கள்" என்றார்கள்.

நாம் ஊர் திரும்பும் நாள் வரை கட்டு அவிழவில்லை. அதன் பின்னரே புண் ஆறிற்று. இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்ததும் நாம் தொலைபேசியில் அழைக்கிறோம். ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு காக்கா, "காலைப் பார்த்தாயிற்று, பார்த்தாயிற்று" என்பார்கள். பின்னாலிருந்து, "இல்லை, இன்னும் பார்க்கவில்லை" என்று மதினியின் குரல் கேட்கும். கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, வலக்காலும் இடக்காலும் பார்த்து முடிகிறவரை நாம் தொலைபேசியை வைப்பதில்லை.