சோல் இசையின் தடத்தில் – 4: மெம்பிஸ்

தென் மெம்பிஸில், கிழக்கு மெக்லமோர் அவென்யூ 926ஆம் எண்ணில் கேபிடல் என்றொரு திரையரங்கம் மூடிக் கிடந்தது. வங்கியில் வேலை பார்த்த ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் 1960இல் அதை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கினார்கள். பதிவுக் கருவி வாங்க அக்கா தன் வீட்டை அடமானம் வைத்திருந்தார். 1961இல் நிறுவனத்துக்கு ஸ்டாக்ஸ் என்று பெயர் வந்தது.

நாற்காலிகளைக் கழற்றினார்களே தவிர, திரையை நோக்கிச் சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். திரை இருந்த மேடை கட்டுப்பாட்டு அறையானது. தின்பண்டம் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை வந்தது. கடைக்கு வரும் அக்கம்பக்கத்து இளைஞர்கள் எந்தத் தட்டை விரும்பி வாங்குகிறார்கள் என்று எஸ்டெல் கவனித்து உள்ளே சொல்வார். ஸ்டாக்ஸ் பாடல்களில் கேட்கும் ஆழமான, சற்றே முரட்டு ஒலிக்கு அந்தச் சரிந்த தரையும் உயர்ந்த கூரையும் ஒரு காரணம்.

அங்கே ஆஸ்தான வாத்தியக் குழுவாக இருந்தது புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ். 1962இல் ‘கிரீன் ஆனியன்ஸ்’ அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது. குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வாசித்தார்கள். இரு இனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நகரத்தில் இது சாதாரணமல்ல.

ஸ்டுடியோவுக்கு வெளியே அவர்கள் ஒன்றாகக் கூட முடிந்த இடம் மல்பெரி தெருவில் உள்ள லொரெய்ன் மோட்டல். கறுப்பரான வால்டர் பெய்லி அதை நடத்தினார். பாடகர் வில்சன் பிக்கெட்டும் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் ‘இன் தி மிட்நைட் அவர்’ பாடலை 1965இல் அங்கேதான் எழுதினார்கள். பாடகர் எடி ஃபிளாய்டும் க்ராப்பரும் அதே மோட்டலில் ‘நாக் ஆன் வுட்’ எழுதிய இரவில் வெளியே இடி இடித்தது. அந்த இடியும் மின்னலும் பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டன.

1967 ஜூலையில் டெட்ராயிட்டில் கலவரம் மூண்டபோது, கறுப்பர்கள் தங்கள் கடைகள் தப்பிக்க ‘சோல்’ என்று முகப்பில் எழுதி வைத்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஸ்டாக்ஸ் பாடலாசிரியர் ஐசக் ஹேய்ஸுக்கு, டேவிட் போர்ட்டருடன் சேர்ந்து ‘சோல் மேன்’ எழுத அதுவே பொறியானது.

அதே ஆண்டு, கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்த ஸ்டாக்ஸ் பாடகர் ஓட்டிஸ் ரெடிங், ‘டாக் ஆஃப் தி பே’ பாடலைத் தொடங்கினார். க்ராப்பருடன் சேர்ந்து அதை முடித்து மெம்பிஸில் பதிவு செய்தார். கடைசியில் வார்த்தைகளுக்குப் பதில் சீட்டியடித்தார். டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் விமானம் ஏரியில் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 26. அலையோசையையும் கடற்பறவைக் குரலையும் க்ராப்பர் பிறகு சேர்த்தார். 1968 மார்ச்சில் பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

அடுத்த மாதம் 4ஆம் தேதி, துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங், லொரெய்னின் 306ஆம் அறை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மோட்டல் 1991 முதல் தேசியக் குடிமை உரிமை அருங்காட்சியகம். அதே 1968இல் ஸ்டாக்ஸுக்கும் இடி விழுந்தது: அட்லாண்டிக் நிறுவனத்துடன் செய்திருந்த ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தால் அதுவரை வெளிவந்த பெரும்பாலான பதிவுகளின் உரிமை அந்த நிறுவனத்துக்கே போயிற்று.

1970களில் மெம்பிஸின் இன்னொரு பழைய திரையரங்கம் முன்னுக்கு வந்தது. அதுதான் ராயல் ஸ்டுடியோஸ். அங்கே தயாரிப்பாளர் வில்லி மிட்செல், பாடகர் அல் கிரீனைத் தொண்டை கிழியப் பாடாமல் மென்மையாகப் பாட வைத்தார். ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ பிறந்தது. அல் கிரீன் பாடிய ஒலிவாங்கிக்கு 9 என்று எண்ணிட்டிருந்தார்கள். ஆன் பீபிள்ஸின் ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் தி ரெயின்’ ஒரு மழை இரவின் எரிச்சலிலிருந்து உருவானது.

ஸ்டாக்ஸ் 1975இல் திவாலானது. 1989இல் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். 2003இல் அதே இடத்தில் பழைய முகப்போடு அருங்காட்சியகம் எழுந்தது. ஐசக் ஹேய்ஸின், தங்கமுலாம் பூசிய பாகங்கள் கொண்ட காடிலாக் காரும் அதற்குள் நிற்கிறது. ராயல் ஸ்டுடியோஸில் இன்றும் பதிவு நடக்கிறது. 2014இல் வெளியான ‘அப்டவுன் ஃபங்க்’ பாடலின் ஒரு பகுதி அங்கே பதிவானது.